நூற்றிப் பதினான்காம் அங்கம்

வாயை அகலத் திறந்து
விளக்குக்குக் கீழே படுத்திருக்கிறவருக்கு
என்னைத் தெரிந்துவிட்டது.
முகக்கவசத்துக்கு மேலே மிஞ்சுகிற கண்களை வைத்தே
சிலர் பிடித்துவிடுகிறார்கள்,
ஐம்பது தாண்டியவர்கள்,
செவ்வாய் பின்னேரங்களில் அப்போது
வேறு வேலை இல்லாதிருந்தவர்கள்.

"ஆ... ஆ..." என்கிறார்.
உறிஞ்சுகுழாய் நாக்கின்மேல் கிடக்கிறது.
கீழ்வரிசைக் கடைவாயில் இன்னும் காரை இருக்கிறது.
நான் அவசரப்படவில்லை.
வூப்பர்ட்டாலில் பல் துப்புரவாக்குகிறவளுக்கு
இது ஒரு வசதி:
கேள்வி கேட்பவரின் வாய் அவள் கையில்.

ஒன்பது வயதில் நான் மீனா.
மீனா எந்த நாடென்று எழுதியவருக்கே தெரியாது.
ஒரு கிழமை பொட்டு இருக்கும், மறுகிழமை இராது.
பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் பாடத்துக்கு எனக்கு ஒன்று
(இங்கே ஒன்றுதான் திறம் என்று
அம்மாவுக்கு விளங்க ஒரு தவணை பிடித்தது).
கொலோனில், படப்பிடிப்புக் கூடத்தில்,
திருமதி ஹெல்ம்ரிக் பக்கத்தில் இருந்து
என் வினைச்சொற்களை ஒவ்வொன்றாக உடைத்துத் தந்தா.
நான் போகிறேன் அல்ல, நான் போறது.
எனக்குப் பசிக்கிறது அல்ல, நான் பசி.
ஒழுங்காக உடைத்த நாளில் சொக்லேட்.

என் ஒருநாள் சம்பளம்
அப்பா பார்மனில் இரண்டு கிழமை கோப்பை கழுவிய காசு.
ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்
ஈரக் கையைக் காற்சட்டையில் துடைத்தார்.
அதைப் பற்றி அவர் பிறகு ஒன்றும் பேசவில்லை.

பன்னிரண்டில், ஒரே கோடை விடுமுறையில்,
ஒன்பது சென்டிமீற்றர் வளர்ந்துவிட்டேன்.
உடுப்புக்காரி அளவுநாடாவை இரண்டுதரம் பிடித்துப் பார்த்து
யாரிடமோ போய்ச் சொன்னாள்.
ஆகவே மீனாவைத் திருப்பி அனுப்ப முடிவெடுத்தார்கள்.
நாட்டில் எல்லாம் சரியாகிவிட்டதாம்.
மாமா ஒருவர் காத்திருக்கிறாராம்.
தெருவே திரண்டு கையசைக்க
அவள் விமானம் ஏற வேண்டும்.

அந்தக் கிழமை
மூன்று மாதத்துக்கொருக்கால் முத்திரை விழுகிற எங்கள் கடுதாசி
ஒரு மாதத்துக்கு மட்டும் குத்தப்பட்டு வந்திருந்தது.
விமான நிலையம் உண்மையானது என்றபடியால்
அப்பா வர மறுத்தார்.
பொலிஸ் உடுப்புப் போட்ட நடிகன் யார், பொலிஸ் யாரென்று
தனக்குப் பிரிக்கத் தெரியாதாம்.
அம்மா வந்தா. கைப்பைக்குள் நாலு பேரின் கடுதாசிகளும்.
கண்ணுக்கடியில் பூச மெந்தோல் குச்சியோடு வந்தவளிடம்
வேண்டாம் என்றேன்.
ஒரே தடவையில் எடுத்து முடித்தார்கள்.
எல்லோரும் கைதட்டினார்கள்.

படிகளின் உச்சியில் விமானம் இல்லை.
ஒரு பலகை, ஒரு தண்ணீர்ப் போத்தல், காற்று.
"இறங்கு பிள்ளை, காணும்" என்று
அம்மா கீழே நின்று கூப்பிட்டா.
யாரோ 'உஷ்' என்றார்கள்.

பிறகு?
ஒரு அரிசி விளம்பரம்.
இரண்டு துப்புரவுப் பெண்கள், ஒரு முக்காடு.
"உங்கள் ஜேர்மன் மிகவும் நன்றாக இருக்கிறது" என்று
வருத்தத்தோடு சொன்ன ஒரு முகவர்.
இருபத்திரண்டில் ஒரு துப்பறியும் தொடரில் பிணம்.
பிணத்துக்கு உச்சரிப்புப் பழுதாக இருக்கத் தேவையில்லை.
அன்றைக்கு எனக்குக் குளிர்ந்ததைத் தவிர
வேறு குறை இல்லை.

மறு ஒளிபரப்புக்கென்று போன வருடம் பதினேழு யூரோ வந்தது,
அறுபத்திரண்டு சதமும்.
மீனா இப்போதும் எங்கேயோ
பகல் இரண்டு மணிக்குப் படியேறுகிறாள்.

கொப்பளித்துத் துப்பிவிட்டு எழும்புகிறார்.
தாடை இன்னும் மரத்தபடி, சொற்கள் வழுக்கி,
"மீனா!" என்கிறார்,
"எப்போது திரும்பி வந்தாய்?"
கண் கலங்கியிருக்கிறது. பகிடி அல்ல.

கௌசிகா, என்று
சட்டையில் குத்தியிருக்கிறது.
அதை நான் சுட்டிக்காட்டவில்லை.
அவருடைய பல் வைத்தியக் கொப்பியை எடுத்து
மையில் ஒற்றி, இன்றைய கட்டத்தில்
முத்திரையை அழுத்திக் குத்துகிறேன்.

ஆறு மாதம், என்கிறேன்.
பிறகு வாருங்கள், பார்ப்போம்.